வெள்ளி இரவு தொடங்கினால் திங்கள் காலைக்குள் முடியுமா?

கேள்வி: கோவையில் ஒரு நடுத்தரப் பங்குத் தரகு நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். எங்களுக்குச் சுமார் பதினைந்தாயிரம் வாடிக்கையாளர்கள். ஆன்லைன் வர்த்தகம் முழுவதும் அலுவலக மாடியில் இருக்கும் விண்டோஸ் சர்வர்களில் ஓடுகிறது. டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர். இவற்றை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் லினக்ஸ் சர்வர்களுக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கும் மாற முதலாளி முடிவு செய்துவிட்டார். மென்பொருள் தரும் நிறுவனம், “வெள்ளி இரவு ஆரம்பித்தால் ஞாயிறு மாலைக்குள் முடித்துவிடலாம்” என்கிறது. தேதி குறிக்கச் சொல்லி எனக்கு நெருக்கடி. இரண்டு நாள் போதுமா? லினக்ஸ் உண்மையிலேயே மேலானதா? ஏதாவது தவறிப்போனால் வாடிக்கையாளர்களின் பங்குகளுக்கு ஆபத்து உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

வாடிக்கையாளர்களின் பங்குகள் உங்கள் சர்வரில் இல்லை. அவை பங்குகளை மின்னணு வடிவில் காத்துவைக்கும் சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் கணக்கில் இருக்கின்றன. உங்கள் மாடி முழுக்கத் தண்ணீர் புகுந்தாலும் அங்கே ஒரு பங்குகூடக் குறையாது. இன்று யார் எதை எந்த விலைக்கு வாங்கினார் என்பது என்எஸ்இ, பிஎஸ்இ பங்குச்சந்தைகளின் ஏடுகளில் இருக்கிறது. உங்களிடம் அழிந்தாலும் அங்கிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எனவே பங்குகளைப் பற்றிய பயத்தை ஓரமாக வையுங்கள். பயப்பட வேண்டிய பட்டியல் வேறு: உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் உங்கள் இயந்திரத்தில் மட்டும் இருப்பவை எவை? அதை எழுதி முடிக்காமல் தேதி குறிக்காதீர்கள்.

அந்தப் பட்டியலில் முதலில் வருவது ஜிடிடி ஆர்டர்கள். ‘இந்தப் பங்கு 840 ரூபாய்க்கு இறங்கினால் விற்றுவிடு’ என்று ஒருவர் போட்டுவைத்திருக்கும் ஆணை பங்குச்சந்தைக்குத் தெரியாது. விலை அந்த எண்ணைத் தொடும்வரை அது உங்கள் டேட்டாபேஸில் ஒரு வரியாகத்தான் உட்கார்ந்திருக்கும். மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். போட்டவரே மறந்திருப்பார். மாற்றத்தின்போது அந்த வரி விடுபட்டுப்போனால் யாருக்கும் எந்த எச்சரிக்கையும் வராது, திரையில் எந்தப் பிழையும் தெரியாது. விலை 840 ஆகி, 790 ஆகி, ஒரு மாதம் கழித்து அவர் போன் செய்யும்போதுதான் தெரியும். சந்தை மூடிய பிறகு போடப்பட்டு மறுநாள் காலைக்காகக் காத்திருக்கும் ஆர்டர்களும் அப்படியே. வெள்ளி மாலை அவற்றை ஏற்பதை நிறுத்திவிடுவது நல்லது. இதில் சாமர்த்தியம் காட்ட வேண்டாம்.

அடுத்தது கடவுச்சொற்கள். அவை திரும்ப மூலச் சொல்லாக மாற்ற முடியாத ஒருவழி வடிவில்தான் (ஹேஷ்) சேமிக்கப்பட்டிருக்கும், இருக்கவும் வேண்டும். புதிய மென்பொருள் வேறு முறையில் அவற்றைச் சரிபார்ப்பதாக இருந்தால் பழையவற்றைக் கொண்டுபோக வழியில்லை. எல்லோரும் புதிதாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பதினைந்தாயிரம் பேரில் மூன்றில் ஒரு பங்கினர் திங்கட்கிழமை 9 மணிக்கு ஒரே நேரத்தில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற பொத்தானை அழுத்தினால், உங்கள் சர்வர் தாங்கினாலும் ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் சேவை தாங்குமா, உங்கள் தொலைபேசியில் இருக்கும் நான்கு பேர் தாங்குவார்களா என்று பாருங்கள். இதை மென்பொருள் நிறுவனத்திடம் இன்றே கேளுங்கள். ‘எல்லாம் தானாக வந்துவிடும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

மூன்றாவது, பேக் ஆபீஸ் லெட்ஜர். யார் கணக்கில் எவ்வளவு பணம் என்பது கடைசிப் பைசா வரை பொருந்த வேண்டும். மொத்தத் தொகை பொருந்தினால் போதும் என்று விடாதீர்கள். இரண்டு பேருடைய கணக்கு இடம் மாறியிருந்தாலும் மொத்தம் பொருந்தும்.

இனி லினக்ஸ் மேலானதா என்ற கேள்வி. ஒரு கதை சொல்கிறேன், நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

லண்டன் பங்குச்சந்தை 2007-இல் டிரேட்எலெக்ட் என்ற அமைப்புக்கு மாறியது. அது முழுக்க மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்டது. 2008 செப்டம்பர் 8-ஆம் தேதி, அமெரிக்க அரசு ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற வீட்டுக்கடன் நிறுவனங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட மறுநாள், உலகமே விற்கவும் வாங்கவும் துடித்துக்கொண்டிருந்தபோது லண்டனில் வர்த்தகம் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் நின்றுபோனது. அடுத்த ஆண்டு லண்டன் பங்குச்சந்தை, கொழும்பை அடுத்த மாலபேயில் இயங்கிவந்த மில்லேனியம்ஐடி என்ற இலங்கை நிறுவனத்தையே சுமார் 3 கோடி டாலர் கொடுத்து வாங்கி, அதன் லினக்ஸ் அடிப்படையிலான அமைப்புக்கு மாறத் தீர்மானித்தது. 2010 நவம்பர் முதல் தேதிக்குக் குறித்திருந்த மாற்றத்தைத் தயாராகவில்லை என்று தள்ளிப்போட்டார்கள். 2011 பிப்ரவரி 14 அன்று மாறினார்கள். வேகம் பல மடங்கு கூடியது. ஆனால் பதினோரு நாள் கழித்து, பிப்ரவரி 25 அன்று, புதிய அமைப்பிலும் காலை வர்த்தகம் சுமார் நான்கு மணி நேரம் நின்றது.

நான் லினக்ஸ் பக்கம்தான். செலவு குறையும், ஆட்கள் கிடைப்பார்கள், உலகின் பெரிய பங்குச்சந்தைகள் பலவும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் உங்கள் நிறுவனத்தின் வர்த்தகம் நின்றுபோவதும் நிற்காமல் ஓடுவதும் அந்தப் பெயரால் முடிவாகப்போவதில்லை. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், பங்குச்சந்தையையே நடத்துகிறவர்கள் குறித்த தேதியை மூன்றரை மாதம் தள்ளிப்போட்ட இடம். உங்கள் முதலாளிக்குச் சொல்ல வேண்டிய வரி அதுதான்.

அடுத்து வரும் சம்பவத்தை உங்கள் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிவையுங்கள். அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற தரகு நிறுவனம், 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கவிருந்த நியூயார்க் பங்குச்சந்தையின் புதிய திட்டம் ஒன்றுக்காக, ஆர்டர்களை அனுப்பும் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியது. ஏழில் ஏறியது. எட்டாவதில் ஏற்ற ஊழியர் விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அங்கே எழுதப்படவே இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-லிருந்து யாரும் பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று அப்படியே கிடந்தது. புதிய திட்டத்தைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞைக்கு, பழைய நிரலை இயக்கிய அதே சமிக்ஞையையே மறுபடியும் பயன்படுத்தியிருந்தார்கள். காலை 9.30-க்குச் சந்தை திறந்தது. ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்தன. எட்டாவது, ‘ஆர்டர் நிறைவேறிவிட்டது, போதும்’ என்று யாரும் அதற்குச் சொல்லாததால், நிறுத்தாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்களின் 212 சிறு ஆர்டர்கள், சுமார் 45 நிமிடங்களில், 154 பங்குகளில் நாற்பது லட்சம் வர்த்தகங்களாகப் பெருகின. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல்.

இதில் இரண்டு நுணுக்கங்களைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சந்தை திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே, அந்தப் பழைய நிரலின் பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குத் தானாகப் போயிருக்கின்றன. அவற்றை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றொன்று இன்னும் மோசம். கோளாறைச் சரிசெய்யும் பதற்றத்தில், சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அங்கேயும் பழைய நிரல் உயிர்பெற்றது. பதற்றத்தில் பழையதற்குத் திரும்புவது என்பதே ஒரு விபத்தாகிவிட்டது. மறு ஆண்டு அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து தன் தனி இருப்பை இழந்தது.

உங்கள் இடத்தில் இதற்கு என்ன பொருள்? எல்லோரையும் ஒரேயடியாக மாற்றினால், திங்கள் காலை பழைய சர்வர்கள் மாடியில் மின்சாரத்தோடு இருக்கட்டும், ஆனால் பங்குச்சந்தைக்குப் போகும் தனி இணைப்பான லீஸ்டு லைன் அவற்றிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். ‘மென்பொருளில் நிறுத்திவிட்டோம்’ என்பது போதாது. கேபிள் கையில் இருக்க வேண்டும். பழைய டேட்டாபேஸில் இருக்கும் அதே ஜிடிடி வரிகள் புதியதிலும் இருக்கின்றன. இரண்டும் சந்தையோடு பேச முடிந்தால் ஒரே பங்கை இரண்டு முறை விற்பீர்கள். புதிய சர்வர்கள் எத்தனை இருந்தாலும், ஒவ்வொன்றிலும் ஓடும் நிரலின் பதிப்பு எண்ணை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தாளில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கையாளர்களை மாற்றுவது நல்ல வழி. அமெரிக்கத் தரகு நிறுவனமான சார்லஸ் ஷ்வாப், தான் வாங்கிய டிடி அமெரிட்ரேட் என்ற இன்னொரு தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை ஒரேயடியாக மாற்றாமல் தவணை தவணையாக, பெரும்பாலும் வார இறுதிகளில் மாற்றி, 2024 மே மாதத்தில்தான் முடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. முதல் வாரம் உங்கள் ஊழியர்களின் கணக்குகள், அடுத்து ஒரு கிளை, பிறகு மற்றவர்கள் என்று போகலாம். ஆனால் இரண்டு அமைப்புகளும் ஒருசேர ஓடும் அந்த நாட்களில், ஒரு வாடிக்கையாளர் ஏதேனும் ஒன்றில் மட்டுமே உயிரோடு இருக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் மார்ஜின் (வர்த்தகத்துக்கான ஈட்டுத் தொகை) வைத்திருப்பவருக்குப் பழைய ஆர்எம்எஸ், அதாவது வர்த்தக வரம்பைக் கண்காணிக்கும் மென்பொருள், ஒரு லட்சத்தைக் காட்டும், புதியதும் ஒரு லட்சத்தைக் காட்டும். அவர் பழைய செயலியில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாக இரண்டு லட்சத்துக்கு வர்த்தகம் செய்துவிடுவார். ஆகாத நேரத்தில் அந்த நஷ்டம் உங்கள் முதலாளி தலையில் விழும்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும்போது பெரிய விஷயங்களை எல்லோரும் கவனிப்பார்கள். அடி சறுக்குவது சின்ன இடங்களில்தான். நான் முதலில் பார்ப்பது கடிகாரம். டேட்டா சென்டர் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வைக்கப்பட்டு வரும். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 6.30-க்கு ஓட வேண்டும் என்று எழுதிவைத்த தினசரித் தொடக்க வேலை, அந்தச் சர்வரில் நம் நேரப்படி நண்பகல் 12 மணிக்கு ஓடும். அதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் காலையிலேயே எதுவும் வேலை செய்யாது. கண்ணில் படாதது தேதி. நமக்கு நள்ளிரவு தாண்டி விடியற்காலை 5.30 வரை அந்தச் சர்வருக்கு நேற்றைய தேதிதான். அதிகாலை 5 மணிக்கு ‘இன்றைய’ கோப்பை எடுக்கச் சொன்னால் நேற்றைய தேதியிட்ட கோப்பை எடுத்து, பிழையே சொல்லாமல், ஏற்றிவைத்துவிடும். பங்குகளின் பட்டியலிலும் மார்ஜின் விகிதங்களிலும் ஒரு நாள் பின்தங்கி வர்த்தகம் தொடங்கும்.

அடுத்தது எழுத்துகள். எஸ்க்யூஎல் சர்வர் வழக்கமான அமைப்பில் பெரிய ஆங்கில எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். ஒரு சொல்லின் கடைசியில் இருக்கும் வெற்றிடத்தையும் ஒப்பிடும்போது கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரெஸ் இரண்டையும் கண்டிப்பாகப் பார்க்கும். பத்து ஆண்டுகளாக உங்கள் கிளைகளில் வாடிக்கையாளர் குறியீட்டை ஒருவர் பெரிய எழுத்தில் தட்டியிருப்பார், இன்னொருவர் சிறிய எழுத்தில், மூன்றாமவர் எங்கிருந்தோ ஒட்டி ஒரு வெற்றிடத்தையும் சேர்த்திருப்பார். இதுவரை மூன்றும் ஒரே ஆள். திங்கட்கிழமை மூன்று ஆட்கள், அதில் இருவருக்கு லெட்ஜரில் பணமே இருக்காது. லினக்ஸில் கோப்புப் பெயர்களுக்கும் இதே கண்டிப்பு உண்டு. இவற்றையெல்லாம் மாறுகிற அன்று செய்ய வேண்டியதில்லை. இப்போதே, பழைய டேட்டாபேஸில் இருக்கும்போதே, துப்புரவாக்கிவிடுங்கள்.

சரி, இரண்டு நாள் போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி 3.30-க்குச் சந்தை மூடுகிறது. அன்றைய வர்த்தகங்களுக்கு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டுகள் போய், பேக் ஆபீஸ் வேலை முடிய இரவு 11 ஆகும். திங்கள் 9 மணிக்குத் திறப்புக்கு முந்தைய அமர்வு. தினசரித் தொடக்க வேலைகளுக்காக 7 மணிக்கே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இடையில் 56 மணி நேரம். மென்பொருள் நிறுவனம் சொல்லும் ‘முடித்துவிடலாம்’ இதற்குள் அடங்கும், எல்லாம் சரியாக நடந்தால். சரியாக நடக்காவிட்டால் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று அவர்களிடம் கேட்டீர்களா? பால் காய்ச்சிய அன்றே பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டா?

ஒத்திகையில், புதியதை நிறுத்திப் பழையதை முழுமையாக உயிர்ப்பித்து, ஒரு வாடிக்கையாளர் உள்ளே நுழையும்வரை ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளவிடுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். திங்கள் காலை 7 மணியிலிருந்து அத்தனை மணி நேரம் பின்னால் எண்ணி வரும் நேரம்தான் உங்கள் முடிவு நேரம். அது ஞாயிறு மாலை 5 என்று வந்தால், 5 மணிக்குச் சோதனைகள் பாக்கி இருந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். ‘இன்னும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்’ என்ற குரல் நிச்சயம் எழும். அந்த நேரத்தில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆள் மென்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.

திங்கள் 9 மணிக்குப் பிறகு நிலைமை வேறு. வர்த்தகங்களைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்று காலை ஒருவர் புதிதாகப் போட்ட ஜிடிடி, இன்னொருவர் மாற்றிய கடவுச்சொல், 10 மணிக்கு வந்து சேர்ந்த பணம் ஆகியவை புதிய டேட்டாபேஸில் மட்டுமே இருக்கும். நான் முதலில் சொன்ன பட்டியலேதான், திசை மட்டும் மாறுகிறது. அவற்றைப் பழையதற்குக் கொண்டுவரும் வழி எழுதப்படவில்லை என்றால், 9 மணிக்கு மேல் திரும்புவது என்ற பேச்சே வேண்டாம். முன்னால் போய்ச் சரிசெய்வதுதான் வழி.

தேதி பற்றி. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள் முடியும் நாளான எக்ஸ்பைரி, என்எஸ்இ-யில் செவ்வாய், பிஎஸ்இ-யில் வியாழன். மாதத்தின் கடைசி வாரத்தை விட்டுவிடுங்கள். பட்ஜெட்டை ஒட்டிய வாரமும் மார்ச் இறுதியும் வேண்டவே வேண்டாம். பங்குச்சந்தை சனிக்கிழமைகளில் நடத்தும் மாக் டிரேடிங் (ஒத்திகை வர்த்தக) அமர்வுகளில் புதிய அமைப்பை ஒன்றுக்கு மேற்பட்ட முறை இணைத்துப் பார்த்த பிறகே தேதியைச் சொல்லுங்கள். பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2022 நவம்பரில் வெளியிட்ட தொழில்நுட்பக் கோளாறுகள் பற்றிய சுற்றறிக்கையையும், அதன் பிறகு வந்த திருத்தங்களையும் எடுத்துப் படியுங்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து தடங்கல் இருந்தாலே அது கோளாறு என்றும், உச்ச நெரிசலைப் போல ஒன்றரை மடங்கு திறன் இருக்க வேண்டும் என்றும் அந்தச் சுற்றறிக்கை சொன்னது. உங்கள் உச்ச நெரிசல் எவ்வளவு என்று பழைய சர்வரிலிருந்து எடுத்துவைத்திருக்கிறீர்களா? சராசரியைப் பார்த்துப் புதிய இயந்திரம் வாங்கியவர்கள் எக்ஸ்பைரி நாளின் கடைசி அரை மணி நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள். பங்குச்சந்தையிடம் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியவை, அனுமதி வாங்க வேண்டியவை, புதிய இடத்துக்கு லைன் மாற்றுவது எல்லாம் வாரக்கணக்கில் பிடிக்கும். நடைமுறையில் தேதியைத் தீர்மானிப்பது இந்த லைன்தான்.

பழைய டேட்டாபேஸை விற்றுவிடவோ அழித்துவிடவோ முதலாளி சொன்னால் சம்மதிக்காதீர்கள். பழைய கணக்குகளைச் சட்டப்படி பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் திறந்து காட்டவும் வேண்டும். காப்புப் பிரதி இருந்தால் மட்டும் போதாது, அதைத் திறக்கும் மென்பொருளோடு ஓர் இயந்திரமும் வேண்டும்.

கடைசியாக, வாடிக்கையாளர்களுக்குத் தகவல். இரண்டு வாரம் முன்பே ஒரு செய்தி, வெள்ளி காலை ஒரு செய்தி அனுப்புங்கள். என்ன மாறுகிறது, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை நுழைய முடியாது, ஜிடிடி வைத்திருப்பவர்கள் திங்கள் காலை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவசரத்துக்கு எந்த எண்ணில் போன் மூலம் ஆர்டர் போடலாம் என்பவை போதும். அந்தச் செய்தியில் இணையச் சுட்டி எதையும் வைக்காதீர்கள். ‘எங்கள் அமைப்பு மாறுகிறது, இங்கே அழுத்திக் கடவுச்சொல்லைப் புதுப்பியுங்கள்’ என்று உங்கள் பெயரில் மோசடிக்காரர்கள் அனுப்பத் தோதான வாரம் அதுதான். ‘நாங்கள் எந்தச் சுட்டியும் அனுப்ப மாட்டோம், வழக்கமான செயலியைத் திறந்தால் போதும்’ என்பதையே செய்தியின் முதல் வரியாக வையுங்கள். தமிழிலும் அனுப்புங்கள்.